காராவன் தளத்தில் தங்கும் நாள்களுக்கு இணையக் கட்டணம் செலுத்தும் முறை

தாப்பாவில் வசிக்கும் நமக்குக் கேமரன் மலை ஏறும் சாலை வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. பள்ளி விடுமுறை வந்துவிட்டால், வாடகைக்கு எடுத்த கேம்பர்வேனிலோ, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் காராவனிலோ குடும்பத்தோடு புறப்பட்டு, மலையிலோ ஆற்றோரத்திலோ கடற்கரையிலோ உள்ள தளங்களில் சில இரவுகள் தங்கிவருகிறோம். அப்படித் தங்கும் நாள்களில் பிள்ளையின் இணைய வகுப்பு, அலுவலக வேலை, தோட்டத்து வீட்டில் இருக்கும் பெற்றோரோடு பேசும் காணொளி அழைப்பு ஆகியவை நிற்பதில்லை. அதற்கான இணையத்துக்கு எப்போது, யாரிடம், எந்த முறையில் பணம் கட்டுவது என்பதை இங்கே விளக்குகிறேன். அடிப்படை விதி ஒன்றுதான்: வண்டியை நிறுத்திய இடத்திலேயே சிக்னலைச் சோதித்துப் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது, கட்டும்போதும் முதல் நாளுக்கு மட்டும் கட்டவேண்டும்.

முதலில், எவ்வளவு இணையம் தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். காணொளியைச் சாதாரணத் தரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை செலவாகும்; அதையே எச்டி தரத்தில் பார்த்தால் 3 ஜிபி வரை போய்விடும். குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் ஆகும் செலவு இவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஆகவே, இரவில் படம் பார்க்கும் பழக்கம்தான் பெரும்பாலான குடும்பங்களின் தரவை விழுங்குகிறது. படங்களை வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கம் செய்துகொண்டு, தொலைபேசியிலும் ஐபேடிலும் காணொளித் தரத்தைக் குறைத்து வைத்துவிட்டால், பணம் கொடுத்து வாங்கவேண்டிய அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கைத்தொலைபேசியின் அமைப்புக்குள் சென்று, செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் புகைப்படங்கள் தாமாக மேலேற்றப்படுவதையும் நிறுத்திவைப்பது இதே அளவுக்கு முக்கியம். வகுப்பும் அலுவலக வேலையும் உள்ளவர்களுக்கு மொத்த அளவைவிட, குறிப்பிட்ட நேரத்தில் இணைப்பு அறுபடாமல் இருப்பதே பெரிது என்பதால், அவர்கள் இரண்டு வழிகளைக் கையில் வைத்திருக்கவேண்டும்.

அந்த இரண்டில் ஒன்று நம் சொந்த சிம் அட்டை; மற்றது தளத்தின் வைஃபை. ஏற்கெனவே கையில் உள்ள எண் தளத்தில் வேலை செய்யுமா என்பதை சிக்னல் எட்டும் இடங்களை வண்ணத்தில் காட்டும், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் ஜெண்டேலா வரைபடத்தில் புறப்படுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வரைபடத்தின் வண்ணத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடக்கூடாது. ஆற்றுப்பள்ளத்தில் அமைந்த தளங்களில், சாலை மேட்டில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் தண்ணீர் ஓரம் இறங்கியதும் தேய்ந்துபோகும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தளங்களிலும் இதே நிலைதான். ஈரம் நிறைந்த ஓலைகள் அலைகளை உறிஞ்சிக்கொள்வதால், குறிப்பாக உயர் அலைவரிசைகள் தோப்புக்குள் வெகுதூரம் ஊடுருவுவதில்லை. 5ஜி சேவைக்கு நம் நாட்டில் 700 மெகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகள் பயன்படுகின்றன. வேகம் தருவது இரண்டாவது. மரங்களையும் சுவர்களையும் தாண்டி வருவது முதலாவது. திரையில் 5ஜி என்று தெரிந்தும் பக்கம் திறக்கத் தயங்கினால், அமைப்பில் 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே நிலையாக ஓடும். 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டதால், வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய 3ஜி மைஃபை கருவியைச் சுமந்துகொண்டு போவதில் பயனில்லை.

இரண்டாவது சிம் வாங்குவதாக இருந்தால், அது வேறு கோபுரங்களில் ஓடும் சிம்மாக இருக்கவேண்டும். செல்கோமும் டிஜியும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றாக இணைந்துவிட்டன. எனவே ஒரு செல்கோம் எண்ணும் ஒரு டிஜி எண்ணும் வைத்திருப்பவர் தம்மிடம் இரண்டு நிறுவனங்களின் சேவை இருப்பதாக எண்ணிக்கொள்ளக்கூடாது. மலிவு விலையில் சிம் விற்கும் சிறு நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கோபுரங்கள் கிடையாது. பெரிய நிறுவனம் ஒன்றின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்தே அவை சேவை தருகின்றன. ஆகவே, கடையில் சிம் வாங்கும்போது, 'இது யாருடைய லைன்ல ஓடுது?' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உங்களிடம் மேக்சிஸ் இருந்தால் மாற்றாகச் செல்கோம்டிஜியையோ யூ மொபைலையோ எடுப்பது பொருளுள்ள செலவு. புதிய தொலைபேசிகளில் அட்டை செருகத் தேவையில்லாத இசிம் வசதி இருப்பதால், இரண்டாவது எண்ணுக்குத் தனிக் கருவி தேவைப்படாது. ப்ரீபெய்ட் எண் எதுவானாலும் மைகார்டு கொடுத்துப் பதிவு செய்தாகவேண்டும் என்பதை மறந்து, அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

சொந்த சிம்மில் நம்மவர்கள் அதிகமாகப் பணம் இழக்கும் இடம் ஹாட்ஸ்பாட் அளவு. 'வரம்பில்லா இணையம்' என்று பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தப்படும் திட்டங்கள் பலவற்றில், அந்த வரம்பின்மை சிம் உள்ள தொலைபேசிக்கு மட்டுமே பொருந்தும். அதிலிருந்து மடிக்கணினிக்கோ பிள்ளையின் ஐபேடுக்கோ பகிர்ந்துகொள்ளத் தனியாக ஒரு சிறிய அளவு ஒதுக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்ததும் பகிர்வு நின்றுவிடும் அல்லது மிகவும் மெதுவாகிவிடும். வண்டியில் நான்கு பேருக்கு ஒரே எண்ணில் இருந்து இணையம் கொடுக்க நினைப்பவர், திட்டத்தின் மொத்த அளவைப் பார்ப்பதற்கு முன்பாக ஹாட்ஸ்பாட் அளவைப் பார்க்கவேண்டும். வேகத்துக்கும் இதுபோன்ற ஒரு கட்டு உண்டு. 3 எம்பிபிஎஸ், 6 எம்பிபிஎஸ் என்று வேகம் கட்டுப்படுத்தப்பட்ட திட்டம் ஒருவர் ஒரு காணொளி பார்க்கப் போதும். ஒரே நேரத்தில் ஒருவர் வகுப்பிலும் மற்றவர் கூட்டத்திலும் இருக்கப் போதாமல் போகலாம். இந்த இரண்டு விவரங்களும் நிறுவனத்தின் செயலியில், திட்டத்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். பணம் கட்டும் பொத்தானைத் தொடுவதற்கு முன் அந்தப் பகுதியை ஒரு முறை விரித்துப் படித்துவிடுங்கள்.

ரீலோட் செய்வதைப் பட்டணத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. தாப்பாவில் இருந்து ரிங்லெட் செல்லும் மலைச் சாலையின் வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ரீலோட் தொகை தீர்ந்த எண்ணோடு அங்கே மாட்டிக்கொண்டால், ரீலோட் செய்வதற்கே இணையம் இல்லாத நிலை ஏற்படும். எனவே எண்ணில் தொகையை மட்டும் ஏற்றி வைத்துக்கொண்டு, இணையப் பாஸை இடத்தைப் பார்த்த பிறகு வாங்குங்கள். தொகை கணக்கிலேயே இருக்கும். வாங்கிய பாஸையோ திரும்பக் கொடுக்க முடியாது. ஒருநாள் பாஸ் சில, வாங்கிய நேரத்தில் இருந்து 24 மணி நேரம் ஓடும். வேறு சில அன்று நள்ளிரவோடு முடிந்துவிடும். மாலை ஏழு மணிக்கு இரண்டாவது வகைப் பாஸை வாங்கினால் ஐந்து மணி நேரத்துக்கு முழுநாள் விலை கொடுத்ததாகிவிடும். போஸ்ட்பெய்ட் எண்ணில் கூடுதல் தரவு சேர்ப்பவர்கள், மாதப் பில்லில் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும். 2024 மார்ச் முதல் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், தொலைத்தொடர்புக்குப் பழைய விகிதமே வைத்துக்கொள்ளப்பட்டது.

தளத்து வைஃபைக்குப் பணம் கட்டுதல்

சில தளங்களில் வைஃபை இலவசம். சிலவற்றில் வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். இன்னும் சிலவற்றில் நாள் கணக்கில் தனியாக விற்பார்கள். விற்கும் இடத்தில் விலையைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'அண்ணே, இந்த வைஃபை ஃபைபர்ல வருதா, சிம் போட்ட ரௌட்டர்ல வருதா?' ஃபைபர் என்றால் நம் தொலைபேசிக்கு எட்டாத வேகம் கிடைக்கக்கூடும். பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. சிம் போட்ட ரௌட்டர் என்றால், நம் சட்டைப்பையில் உள்ள சிம் எந்தக் கோபுரத்தைத் தேடுகிறதோ அதே கோபுரத்தைத்தான் அந்த ரௌட்டரும் தேடிக்கொண்டிருக்கலாம். போதாததற்கு, அந்த ஒரு சிம்மைத் தளத்தில் உள்ள எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். தளத்துக்காரர் இதைச் சொல்லத் தயங்கமாட்டார். கேட்பவர்கள்தாம் குறைவு.

அடுத்து, வைஃபை எட்டும் தூரம். அலுவலகத்தின் முன்னால் நின்று சோதித்துவிட்டு, கடைசி வரிசையில் வண்டியை நிறுத்துவது வீண். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடத்தில், வண்டிக்கு உள்ளே, கதவை மூடிக்கொண்டு சோதியுங்கள். தகரமும் அலுமினியமும் போர்த்திய காராவன் வைஃபை அலையைப் பெருமளவு தடுத்துவிடும் என்பதால், வெளியே வேகமாக ஓடியது உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும். பகல் வேளையில் சோதித்தவர்கள், இரவு எட்டு மணிக்கு மேல் அனைவரும் வண்டிக்குத் திரும்பிப் படம் பார்க்கத் தொடங்கும்போது வேகம் எவ்வளவு குறைகிறது என்பதையும் பார்க்கவேண்டும். முதல் நாளுக்கு மட்டும் கட்டச் சொல்வது இதற்காகத்தான். வாரப் பாஸ் மலிவாகத் தெரியலாம். ஆனால் இரண்டாம் நாளே அது பயன்படாது என்று தெரிந்தால், மீதி நாள்களின் பணம் திரும்ப வராது.

பணம் கட்டியதும் பெரும்பாலும் பேருந்து டிக்கெட் அளவுக்கு ஒரு சிறு தாள் கிடைக்கும். அதில் கடவுக்குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள், வண்டியின் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்தால் கறுத்து எழுத்து மறைந்துவிடும். ஆகவே வாங்கிய கையோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் பூச்சியமும் ஆங்கில எழுத்து ஓவும், எண் ஒன்றும் சிறிய எல் எழுத்தும் அதில் ஒரே மாதிரித் தோன்றுவதால், குறியீடு ஏற்கப்படாவிட்டால் முதலில் அவற்றை மாற்றி உள்ளிட்டுப் பாருங்கள்.

இதைவிட நுட்பமான ஒரு சிக்கலையும் அறிந்திருக்கவேண்டும். ஒரு குறியீடு எத்தனை கருவிகளுக்கு என்பதைத் தளத்தின் கருவி, உங்கள் தொலைபேசியின் வன்பொருள் முகவரியை, அதாவது வைஃபைக்கு அது காட்டும் அடையாள எண்ணை வைத்தே கணக்கிடுகிறது. இக்காலத்துத் தொலைபேசிகளோ, தனியுரிமைக்காகப் போலி முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. அந்த முகவரி மாறிவிட்டால், தளத்தின் கருவி அதைப் புதிய தொலைபேசி என்று எண்ணிக் கதவை அடைத்துவிடும். பணம் கட்டிய பாஸ் மறுநாள் காலையில் வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். குறியீட்டை உள்ளிடுவதற்கு முன்பே, அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு, அமைப்பில் தனியுரிமை முகவரியை அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் நிறுத்திவைத்தால் இது நேராது. வீடு திரும்பியதும் பழையபடி மாற்றிவிடலாம். கருவிகள் பல இருந்து குறியீடு ஒன்றே என்றால், ஒரு சிறிய பயண ரௌட்டரை இணைத்து அதிலிருந்து பிரித்துக்கொள்ளலாம். இதைத் தடைசெய்யும் தளங்களும் உள்ளதால், கேட்டுவிட்டுச் செய்வதே மரியாதை.

கட்டணத்தைக் கியூஆர் வழியாகச் செலுத்தும்போது, உங்கள் சொந்தத் தரவை மட்டும் பயன்படுத்துங்கள். பூட்டில்லாத பொது வைஃபையில் இருந்துகொண்டு வங்கிச் செயலியைத் திறக்கவேண்டாம். டூயிட்நௌ கியூஆரை ஸ்கேன் செய்தவுடன் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். அந்தப் பெயரைத் தளத்துக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்துகொண்ட பிறகே தொகையை அனுப்புங்கள். கம்பத்தில் ஒட்டப்பட்ட கியூஆரின் மேல் வேறொருவரின் கியூஆர் ஒட்டப்பட்டிருந்தால், இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். வைஃபை இணைப்புப் பக்கமே வங்கிக் கடவுச்சொல்லையோ, பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டாக் எண்ணையோ கேட்டால், அங்கேயே நிறுத்திவிடவேண்டும். பணம் தவறான கைக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், நேரம் கடத்தாமல் உங்கள் வங்கியையோ, மோசடிகளுக்கான தேசிய உதவி மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.

வீட்டில் உள்ள கம்பியில்லா ரௌட்டரைக் கழற்றி வண்டியில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணுவதுண்டு. வீட்டு முகவரியோடு பிணைக்கப்பட்ட திட்டமானால் அது வேறு இடத்தில் ஓடாது. முன்கூட்டியே நிறுவனத்திடம் கேளுங்கள். 2023 ஜூலையில் மலேசியாவில் உரிமம் பெற்ற செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்கிற்கும் இது பொருந்தும். அதன் வீட்டுத் திட்டம் பதிவுசெய்த முகவரிக்கே உரியது. மேலும் அதன் தட்டுக்குத் திறந்த வானம் தேவை. செம்பனைக்கும் காட்டு மரங்களுக்கும் அடியில் நிறுத்திய வண்டிக்கு அது உதவாது. விடுமுறைக்கு மட்டும் புறப்படும் குடும்பத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

ஜொகூர் பாருவின் கடலோரத்திலும் தாய்லாந்து எல்லைப் பக்கத்திலும் தங்குவோர், தொலைபேசி அண்டை நாட்டு வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளாதபடி ரோமிங்கை அணைத்து, வலையமைப்பைக் கையால் தேர்ந்தெடுத்து வைக்கவேண்டும். ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ சென்று கேம்பர்வேன் எடுப்பவர்களுக்கு அடிப்படை விதி மாறுவதில்லை. ஆயினும் சில விவரங்கள் மாறும். அங்குள்ள பெரிய விடுமுறைப் பூங்காக்கள் பலவற்றில் வைஃபை உண்டு. நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் எளிய தளங்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஆஸ்திரேலியாவின் உள்பகுதிக்குச் செல்பவர்கள், பரப்பளவில் அதிகம் எட்டும் டெல்ஸ்ட்ராவின் ப்ரீபெய்ட் சிம்மைக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்வது நல்லது. அங்கும் 2024 அக்டோபரில் 3ஜி நிறுத்தப்பட்டதால், 4ஜி வழியாகக் குரல் அழைப்பு செய்ய முடியாத பழைய தொலைபேசிகள் அவசர அழைப்புக்குக்கூடப் பயன்படாமல் போகலாம்.

தளத்தை விட்டுப் புறப்படும் காலையில், நிறுவனத்தின் செயலியைத் திறந்து, வாங்கிய பாஸ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அப்போதே நிறுத்திவிடவேண்டும், ஏனெனில் மீதமுள்ள ரீலோட் தொகையை அடுத்த வாரமும் அது எடுத்துக்கொள்ளும். தளத்து வைஃபை சொன்னபடி கிடைக்கவில்லை என்றால், வேகச் சோதனையின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, நேரம் ஆகியவற்றைக் காட்டி அங்கேயே பணத்தைக் கேளுங்கள். தளத்துக்காரர் நேரில் இருக்கும்போது தீராத வழக்கு, வீட்டுக்கு வந்து வாட்சாப் அனுப்பித் தீர்வது அரிது. தொலைபேசி நிறுவனம் தவறாகப் பணம் பிடித்திருந்தால், முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, பதில் வராதபோது அந்த எண்ணோடு தொடர்பு பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளத்தில் பதிவு செய்யவேண்டும்.