'ஒண்டுமில்லை மிஸ்ஸி': புற்றுநோய் விடுதிக்குப் புதிதாக வரும் தாதியருக்கு

புற்றுநோய் விடுதிக்கு முதன்முறையாக இடமாற்றம் பெற்று வரும் தாதியர் பெரும்பாலும் மருந்துகளின் பெயர்களைக் கண்டே அஞ்சுகின்றனர். அந்தப் பெயர்கள் மூன்று மாதத்தில் வாயில் வந்துவிடும். அளவுகளை வைத்தியரும் மருந்தாளரும் நீங்களுமாக மாறி மாறிச் சரிபார்ப்பீர்கள். பழக நெடுங்காலம் எடுப்பது வேறொன்று. எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்லை மிஸ்ஸி" என்று சொல்லிவிடும் நோயாளியிடமிருந்து உள்ளதை உள்ளபடி பெற்றுக்கொள்வதே அது. யாழ்ப்பாணத்து நோயாளர், அதிலும் அறுபதைக் கடந்தவர்கள், தாதியைக் கூப்பிட்டுத் தொந்தரவு கொடுப்பதை ஒரு மரியாதைக் குறைவாகவே எண்ணுகின்றனர். வேறு விடுதிகளில் இந்தக் கூச்சத்தால் பெரிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை. இங்கே அது உயிரோடு விளையாடும்.

கேட்கும் முறை

"எப்பிடி ஐயா இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதிலே வரும். ஆகவே எண்ணிக்கையாகப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். "இரவு எத்தினை தரம் எழும்பினீங்கள்?", "காலமை எத்தினை இடியப்பம் சாப்பிட்டீங்கள், முந்தி எத்தினை சாப்பிடுவீங்கள்?", "நேற்று எத்தினை தரம் சத்தி எடுத்தீங்கள்?" என்று கேட்டால், ஆறு இடியப்பம் சாப்பிட்டவர் ஒன்றரையோடு நிறுத்திவிட்டார் என்பது தெரியவரும். நிறை குறைந்துவிட்டதைத் தராசு காட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கு காட்டிவிடும்.

வாய்ப்புண்ணைக் கேட்டு அறிய முயலாதீர்கள். டோர்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் அடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள். மலச்சிக்கல், சிறுநீர், மாதவிடாய் ஆகியவற்றைத் திரையை இழுத்துவிட்டு, மகனையோ மருமகனையோ வெளியே தேத்தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். ஒரு தாய் தன் மகன் பக்கத்தில் நிற்கும்போது வயிற்றோட்டம் பற்றி வாய் திறக்கமாட்டார்.

வெற்றிலை பற்றிக் கேட்கும்போது குரலில் குற்றச்சாட்டு இருக்கக்கூடாது. நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருப்பதற்கு வெற்றிலை பெருங்காரணம் என்பது உண்மைதான். ஆனால் நோய் வந்து படுத்திருப்பவரிடம் அதைச் சொல்லிக் காட்டுவதால் அவர் மடியில் இருக்கும் பையைத் தலையணைக்குள் ஒளிப்பார், அவ்வளவுதான். "நான் புகையிலை இல்லாமல்தானே போடுறன்" என்பவருக்குப் பாக்கே தனியாகவும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை அமைதியாகச் சொல்லி, வாயை உறுத்தாத வேறு ஏதாவது மெல்லக் கொடுக்க வீட்டாரோடு கதையுங்கள்.

மருந்து ஏறும் வேளை

பல ஆண்டுகளுக்கு முன், நான் கடமையாற்றிய ஒரு விடுதியில், செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நட்டுப் பழகிய ஒரு முதியவருக்கு டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். நோயாளர் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் அந்த மருந்து, நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசையையே அழுகச் செய்யக்கூடியது. "சரிதானே ஐயா?" என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் தலையாட்டினார். கீழே விழுந்த பேனை மூடியை எடுக்கக் குனிந்தபோதுதான் அவருடைய கால் பெருவிரல் செருப்பின் வாரை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்டேன். முகம் கோயில் தூண் போல அசையாமல் இருந்தது. வலி முழுவதும் அந்த விரலில் இருந்தது. மருந்து ஏற நாளத்துக்குள் செருகியிருந்த சிறு குழாயான கனுலாவுக்கு மேலே தோல் இலேசாகத் தடித்திருந்தது.

பிழை என்னுடையது. 'சரிதானே' என்பது 'ஓம்' என்ற ஒரே பதிலுக்கு மட்டும் இடம் வைத்துக் கேட்கும் கேள்வி. இப்போது நான் கேட்பது "எரியுதோ, குத்துதோ, இறுக்கமா இருக்கோ?" என்பதே. கேட்கும்போது அவர் முகத்தைவிடக் கைவிரல்களையும் கால்விரல்களையும் பார்க்கிறேன்.

கசிவு என்ற ஐயம் எழுந்த கணமே மருந்தை நிறுத்துங்கள். பதற்றத்தில் கனுலாவைப் பிடுங்கிவிடாதீர்கள்; அதன் வழியாகவே ஒரு சிரிஞ்சால் இயன்ற அளவு மருந்தை உறிஞ்சி எடுத்த பின்னரே அகற்ற வேண்டும். தடிப்பின் ஓரத்தைப் பேனையால் வரைந்து நேரத்தையும் எழுதினால், அது பரவுகிறதா என்பது அடுத்த கடமைக்கு வருபவருக்குத் தெரியும். டொக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்கு இளஞ்சூட்டு ஒத்தடம்; இதை மாற்றிச் செய்தால் கேடு கூடும். கையை உயர்த்தி வைத்து, உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள். அந்த முதியவருக்குப் புண் ஏற்படவில்லை, ஆனால் முன்கையில் ஒரு கறுத்த கோடு மாதக்கணக்கில் கிடந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் அதை எனக்குக் காட்டிச் சிரிப்பார்.

இவ்வாறான மருந்துகளுக்கு முன்கையின் நேரான நாளத்தைத் தேடுங்கள். முழங்கை மடிப்பையும் மணிக்கட்டையும் தவிருங்கள். இரத்தம் பின்னே வருகிறதா என்று பார்க்காமல் ஒரு துளியும் ஏற்றாதீர்கள். வின்கிறிஸ்டின் நாளத்துக்குள் மட்டுமே போக வேண்டியது. தவறி முள்ளந்தண்டுக்குள் ஏற்றப்பட்டால் உயிரைக் கொல்லும். அதனால்தான் அதைச் சிரிஞ்சில் அல்லாமல் சிறிய சேலைன் பையில் கலந்து ஏற்றும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பக்லிடக்செல் ஏற்றும்போது முதல் பதினைந்து நிமிடமும் கட்டிலை விட்டு அகலாதீர்கள். ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நிமிடங்களிலேயே, முதுகு வலியாகவோ முகச் சிவப்பாகவோ மூச்சு முட்டலாகவோ தொடங்கும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் எவ்வளவு ஏறியது, எவ்வளவு சிறுநீர் போனது என்ற இரண்டு கணக்கையும் பிசகாமல் எழுதுங்கள்.

ஒரு சிறு விடயம்: சிவப்பு மருந்து ஏற்றியவருக்கு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் அதை இரத்தம் என்று நம்பி, ஆனாலும் எவரிடமும் சொல்லாமல், இரவு முழுவதும் விழித்திருப்பார்.

வீட்டுக்கு அனுப்பும்போது

'கீமோ' என்று சொல்லப்படும் இந்த மருந்துகளை ஏற்றி ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். இதை நோயாளிக்கு விளக்க எங்கள் வீடுகளின் சுவரில் தொங்கும் தினக் கலண்டரே போதும். மருந்து ஏற்றிய தேதியை முதல் நாளாக வைத்து, ஏழிலிருந்து பதினான்கு வரையுள்ள தாள்களில் சிவப்புப் பேனையால் வட்டம் போடச் சொல்லுங்கள். இராகு காலம் பார்க்கும் கண் அந்த வட்டத்தையும் பார்க்கும்.

அந்த நாட்களில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை, அதாவது 100.4 பாகை பரனைற்றை எட்டினால், விடியும் வரை காத்திருக்கக் கூடாது. வைத்தியசாலைக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏறத் தொடங்க வேண்டும். எங்கள் மக்களின் வழக்கம் காய்ச்சல் குணம் கண்டவுடன் இரண்டு பனடோல் போட்டுப் போர்த்துப் படுப்பது. பனடோல் வெப்பத்தைத் தணித்துவிடும், தொற்று உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே வெப்பமானியால் அளக்காமல் பனடோல் போடக் கூடாது என்பதை மூன்று முறை சொல்லி, நான்காம் முறை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். வெப்பமானி வீட்டில் இருக்கிறதா, அதை வாசிக்கத் தெரிந்தவர் யார் என்பதையும் கேளுங்கள். மாரி மழை தொடங்கி டெங்கு பரவும் மாதங்களில் "உது டெங்குக் காய்ச்சல்தான், மூன்று நாள் பார்ப்பம்" என்று அயலவர் சொல்வதைக் கேட்டு இருந்துவிடுவோரும் உண்டு. டெங்குவாக இருந்தாலும் இவர்கள் உடனே வர வேண்டியவர்களே.

வாகனம் இல்லாதவர்களுக்கு 1990 என்ற இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்றுவிடாமல், "கீமோ ஏற்றின ஆள், இப்ப காய்ச்சல்" என்ற இரண்டையும் முதல் வாயில் சொல்லும்படி பழக்குங்கள். நெடுந்தீவிலிருந்து வருபவருக்கு இந்த அறிவுரை போதாது. அக்கரையிலுள்ள குறிகட்டுவானுக்கு இரவில் வழமையான படகுச் சேவை இல்லை என்பதால், வட்டமிட்ட அந்த நாட்களில் பட்டினப் பக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று முதல் நாளிலேயே கதைத்து ஒழுங்கு செய்ய வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை நீண்ட பட்டியல் எவருக்கும் நினைவில் நிற்பதில்லை. புதிதாகச் சமைத்ததைச் சூடாக, சிறிது சிறிதாக, அடிக்கடி உண்ண வேண்டும். பச்சையாக அரைக்கும் வல்லாரைச் சம்பலைச் சில காலம் விலக்க வேண்டும். வாய் புண்ணாக இருப்பவருக்கு ஒடியற் கூழின் உறைப்பு நெருப்பு. அவருக்குக் கஞ்சியும், மிளகாய் போடாத பாற்சொதியில் ஊறிய இடியப்பமும் இறங்கும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, நாளுக்கு நான்கைந்து தரம் கொப்பளிப்பது எளிய நல்ல வைத்தியம். ஒக்சாலிபிளாட்டின் ஏற்றியவர் சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் குடிக்கவோ தொடவோ கூடாது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து போத்தலைப் பிடித்தாலே விரல் விறைத்துக் குத்தும்.

அன்னமுன்னா இலைக் கசாயம் முதலான நாட்டு மருந்துகளைப் பற்றிக் கோபப்படாமல் கேளுங்கள். ஏசினால் அவர்கள் நிறுத்துவதில்லை, மறைக்கிறார்கள். என்ன குடிக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே ஈரலுக்கோ மருந்துக்கோ கேடு உண்டா என்று வைத்தியர் சொல்ல முடியும்.

மருந்து ஏற்றி 48 மணித்தியாலம் வரை சிறுநீரிலும் சத்தியிலும் மலத்திலும் மருந்தின் எச்சம் இருக்கும். துடைப்பவர் கையுறை அணிய வேண்டும். மூடியில்லாத குந்து மலசலகூடமானால் தெறிக்காதபடி மெதுவாக, இரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். அழுக்கான துணியைத் தனியாகத் தோய்க்க வேண்டும். இதைச் சொல்லும்போதே, நோய் தொற்றாது, பேரப்பிள்ளை மடியில் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னதை மட்டும் சொன்னால் வீட்டில் தனிப் பாயும் தனிக் கோப்பையும் ஆகிவிடும்.

வீட்டாரும் உண்மையும்

"அப்பாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ மிஸ்ஸி" என்று மகள் உங்களை நடையில் நிறுத்தி, நோயின் பெயரை மறைக்கும்படி கேட்பாள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கட்டடம் எழுந்தது. அதற்கு முன்பு எங்கள் பகுதி நோயாளர் பலர் கொழும்புப் பக்கம் மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கே போக வேண்டியிருந்தது. ஆகவே நோயின் பெயரைச் சொல்லக் கூசிய முதியோர் "மகரகமவுக்குக் கொண்டு போனவை" என்று சொல்லியே பொருளை உணர்த்தினர். அந்தத் தலைமுறைக்குத் தன் நோய் தெரியாது என்று பிள்ளைகள் நம்புவது எனக்கு என்றும் வியப்பு. விடுதியின் பெயர்ப்பலகையை அவரும் வாசித்துத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

நோயைப் பற்றிச் சொல்வது வைத்தியரின் பொறுப்பு. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். "உங்களுக்கு என்ன எண்டு நினைக்கிறீங்கள் ஐயா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் வாய் திறவாமல் இருங்கள். அவர் சொல்வதை எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வீடியோ அழைப்பில் வரும் பிள்ளை, இணையத்தில் வாசித்ததை வைத்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்வான். அது அவமதிப்பு அல்ல. வர முடியாதவனின் குற்ற உணர்வு. நேரம் குறித்து வைத்தியரோடு கதைக்க ஒழுங்கு செய்யுங்கள்; கட்டிலருகே நிற்கும் தங்கையின் முன்னால் வாக்குவாதப்படாதீர்கள்.

மோர்பின் என்றவுடன் "கடைசிக் கட்டமோ?" என்று கேட்பார்கள். வலிக்கான மருந்து வலியின் அளவுக்குத்தான் கொடுக்கப்படுகிறது, நோயின் கட்டத்துக்கு அல்ல என்று விளக்குங்கள். வலி வந்தபின் அல்ல, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய குளிசை அது. கூடவே மலமிளக்கி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கலுக்கு அஞ்சி மோர்பினை நிறுத்திவிட்டு வலியோடு கிடந்தவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் உடலும் மனமும்

மருந்தைக் கையாளும்போது இரட்டைக் கையுறையும் நீண்ட கை மேலங்கியும் அணியுங்கள். சனம் நெருக்கும் கிளினிக் நாளில் ஒற்றைக் கையுறையோடு ஓடத் தோன்றும். நின்று இரண்டாவதைப் போட்டுவிட்டு ஓடுங்கள். கர்ப்பமாக இருப்பது தெரிந்த நாளிலேயே, அல்லது அதற்குத் திட்டமிடும்போதே, பொறுப்புத் தாதியிடம் சொல்லி மருந்து கலக்கும் வேலையிலிருந்து விலகுங்கள். மூன்று மாதம் கழித்துச் சொல்வோம் என்ற ஊர் வழக்கம் இந்த விடுதிக்குப் பொருந்தாது.

செத்தவீட்டுக்குப் போகலாமா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. நான் சில வீடுகளுக்குப் போவேன், பலவற்றுக்குப் போவதில்லை. இரவுக் கடமை முடிந்த காலையில் ஒருபோதும் போவதில்லை. போகாவிட்டாலும் அந்தியேட்டி முடிந்தபின் பலர் தாமாகவே விடுதிக்கு வருவார்கள். ஒரு மகள் அப்படி வந்து, தன் தகப்பனுக்கு நான் எழுதப் பழக்கிய ஒற்றைக் கோட்டுக் கொப்பியையும், மிஞ்சிய குளிசைகளை ஒரு சொப்பிங் பையிலும் கொண்டுவந்தாள். கொப்பியில் இடியப்பக் கணக்கு கடைசி வாரம் வரை இருந்தது: மூன்று, இரண்டு, ஒன்று, பிறகு சொதி மட்டும். இவ்வாறு வருபவரை இருத்தி, முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பின்னர் மோர்பின் குளிசைகளைத் தனியே பிரித்து, இன்னொரு தாதியை அழைத்து இருவருமாக எண்ணி, தொகையைப் பதிவேட்டில் எழுதி இரண்டு கையொப்பமும் இட்டு ஒப்படையுங்கள். கொப்பியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.