லாட்ஜ் வாசலில் ஒரு கோட்பாடு: வணிக ஆய்வில் புதியவர்களுக்கான செய்முறை

எம்.பி.ஏ., எம்.காம். மாணவர்கள் பலர் ஆய்வு என்றதும் முதலில் கேள்விப் பட்டியலை அச்சடிக்கிறார்கள். பதில்கள் கைக்கு வந்த பிறகுதான், எதைச் சோதிக்கிறோம் என்று யோசிக்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள்.

முதல் படி, ஒரு புதிர். வேலூர் காந்தி ரோட்டுக்குப் போங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கும் பகுதி அது. வங்க எழுத்தில் பலகை வைத்த கடைகளும் லாட்ஜ்களும் அங்கே உண்டு. பலகை, வாடகை, வசதி எல்லாம் ஒன்றுபோல இருந்தும் ஒரு லாட்ஜில் மட்டும் கூட்டம் சேர்ந்தால், ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது காரணம். "பலகை வைத்தால் வியாபாரம் கூடும்" என்பது வெறும் தொடர்பு. எப்படிக் கூடுகிறது என்று சொன்னால்தான் கோட்பாடு. புதிதாக வருபவருக்கு அறையின் தரமோ உரிமையாளரின் நேர்மையோ முன்கூட்டித் தெரியாது. பழைய கார் சந்தையில் இதே சிக்கலை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் விளக்கினார். நல்லவர் தம் தரத்தை எப்படிக் காட்டுவார் என்பதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதினார்: தரமற்றவருக்குக் கட்டுப்படியாகாத அடையாளமே நம்பப்படும். இருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதை நம் வீதிக்குப் பொருத்துங்கள். பலகையை யாரும் வைத்துவிடலாம். வங்க மொழி பேசும் ஊழியருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். திரும்ப வருபவர்களும் அவர்கள் அனுப்பிவைப்பவர்களும் இருக்கும் லாட்ஜுக்கே அது கட்டுப்படியாகும். ஆகவே ஈர்ப்பது பலகை அல்ல, ஊழியர் என்று கோட்பாடு கணிக்கிறது. வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்க முடியாத ஒன்றை அது சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இப்போது கருதுகோளை, அதாவது தரவால் சோதிக்கக்கூடிய கணிப்பை, எழுதுங்கள்: பலகை உள்ள லாட்ஜ்களுக்குள், அத்தகைய ஊழியர் இருக்குமிடத்தில், முதன்முறை விசாரிக்கும் வங்க மொழிக்காரர்களில் அதிகப் பங்கினர் அறை எடுப்பார்கள். அதே தாளில், எந்த முடிவு வந்தால் இது தவறு என்பதையும் எழுதிவிடுங்கள். பொய்ப்பிக்க முடியாத, அதாவது தவறென்று காட்ட வழியே இல்லாத, கூற்று அறிவியலாகாது என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934இலேயே வாதிட்டார். தரவு சேகரிக்குமுன் இந்த வரியை எழுதாத ஆய்வை நான் ஆய்வாகவே மதிப்பதில்லை.

போட்டி விளக்கங்களையும் தேடுங்கள். ஊழியர் இருந்தால் பேசுவது எளிது, அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் இந்தியில் சமாளிப்பவர்களுக்கு அந்த ஊழியர் பொருட்டாக மாட்டார். ஊழியரே தரத்தின் அடையாளம் என்ற நம் கோட்பாடு சரியென்றால் அவர்களும் அங்கேயே சாய்வார்கள். இந்த ஒரு பிரிவைத் தனியே கணக்கிடுங்கள். மருத்துவமனை வாசலிலிருந்து தூரமும் வாடகையும் ஒத்த லாட்ஜ்களையே ஒப்பிடுங்கள். ஊர்க்காரர் சொல்லி வந்தவர்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி எளிது: "இந்த லாட்ஜுக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்?" "ஊழியரை நம்பித்தான் வந்தீர்களா?" என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டுகிறீர்கள். நோயாளியின் குடும்பத்திடம் அனுமதி பெற்ற பிறகே பேசுங்கள். அறுவை சிகிச்சை நாளில் வேண்டவே வேண்டாம்.

முடிவு எதிராக வந்தால் மறைக்காதீர்கள். அளவீடு சரியா என்று பாருங்கள். சரியென்றால் கோட்பாட்டைத் திருத்துங்கள். திருத்தியதை அதே தரவில் சோதிக்கக் கூடாது. வேறு லாட்ஜ்களில் புதிதாகத் திரட்டுங்கள்.