பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு முன்சக்கர இழுப்பில் வீடு சேர்வது எப்படி?

வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ முழங்கால் தண்ணீரில் வண்டியை ஓட்டியவர்களுக்கு மழை வடிந்த பிறகுதான் இந்தத் தொல்லை தலைகாட்டும். ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸுக்குள் (அதன் முனையில் மடங்கும் மூட்டு) தண்ணீர் புகுந்து ஊசி பேரிங் துருப்பிடிக்கும். முதலில் மெதுவாகப் போகும்போது கீச் கீச் சத்தம். பிறகு ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றினால் ‘டங்’ என்று ஓர் அடி. வேகம் ஏற ஏற அதிர்வும் ஏறினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். கீழே குனிந்து பார்த்தால் கிராஸ் மூடியைச் சுற்றிச் செங்கல் நிறத் துருப்பொடி படிந்திருக்கும்.

என் வண்டி கோவளம் அருகே இப்படி நின்றபோது, பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு முன்சக்கரங்களின் இழுப்பிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 2எச் (பின்சக்கர இழுப்பு மட்டும்), 4எச் (நான்கு சக்கர இழுப்பு) என்று மாற்றும் லீவர் உள்ள பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கே இந்த முறை. போனது முன் ஷாஃப்ட் என்றால் அதைக் கழற்றிவிட்டு 2எச்சில் வாருங்கள், வேலை முடிந்தது. பின் ஆக்சிலுக்குள்ளேயே உறுமல் கேட்டால் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பயனில்லை. சக்கரம் உருளும் வரை உள்ளே கிரவுன் பல்லும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மீட்பு வண்டியை அழையுங்கள்.

1. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஷாஃப்ட் கழன்றபின் 2எச்சில் எந்த கியரில் போட்டாலும் வண்டி நிற்காது, உருளும். சில பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு இழுவையைப் பிரித்துவிடும் பெட்டி) பின்பக்கத்தில்தான் பிடிக்கும், அதுவும் போய்விடும்.

2. ஷாஃப்ட்டின் இரு முனையும் ஃபிளாஞ்சில் (போல்ட் துளையுள்ள தகட்டு முனை) போல்ட் போட்டவையா என்று பாருங்கள். ஒரு முனை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகியிருந்தால் உருவியதும் ஆயில் கொட்டும். அதை வழியில் செய்யாதீர்கள்.

3. ஃபிளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். திரும்ப மாட்டும்போது இடம் மாறினால் அதிர்வு வரும். போல்ட்டுகளுக்கு ரிங் ஸ்பேனர்தான். திருகி அளவு மாற்றும் ஸ்பேனரை நான் வண்டியிலேயே வைப்பதில்லை, முனையை மழுக்கத்தான் அது லாயக்கு. மேல்பக்க போல்ட் எட்டாவிட்டால் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து, கட்டையை எடுத்து, ஓரடி தள்ளுங்கள். ஷாஃப்ட் ஏறக்குறைய அரைச்சுற்றுத் திரும்பிவிடும். மறுபடி கட்டை வைத்த பிறகே உள்ளே போங்கள்.

4. இனி 4எச். இங்கேதான் எனக்கு வெகுநேரம் போனது. கியர் விழுகிறது, கிளட்ச் விட்டால் ஸ்பீடோமீட்டர் முள் ஏறுகிறது, வண்டி மட்டும் அசையவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்தும், முன் ஹப் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) பூட்டவில்லை. கையால் திருகும் ஹப் என்றால் இரண்டையும் ‘லாக்’ வரை திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினாலும் நகராது. பரிசோதிக்க, எஞ்சினை அணைத்து, 2எச்சில் வைத்து முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால் ஹப் பூட்டவில்லை. வேக்கம் முறையில் (காற்றை உறிஞ்சி) பூட்டும் வண்டியில் முதலில் ரப்பர் குழாயைப் பாருங்கள். என்னுடையதில் குழாயின் நுனி வெடித்திருந்தது; வெடித்த பகுதியைக் கத்தியால் அறுத்துத் தள்ளிவிட்டு மீண்டும் செருகியதும் பிடித்துக்கொண்டது.

5. தார்ச்சாலையில் 4எச் போடக்கூடாது என்று படித்திருப்பீர்கள். முன், பின் ஆக்சில்கள் இரண்டும் இணைந்து ஓடும்போது அது சரி. இப்போது ஒன்றுதான் இணைந்திருக்கிறது, ஆகவே பயமில்லை. ஆனால் 4எல் (வேகம் குறைந்து முறுக்கு கூடும் நிலை) வேண்டாம். அந்த முறுக்கு முழுவதும் முன் ஆக்சில் மேலேயே விழும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபடி ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். மேம்பாலம் ஏறும்போது நிதானம் தேவை. வீட்டில் நிறுத்தும்போதும் 4எச்சிலேயே கியரில் விட்டு, கட்டை வையுங்கள்.

பின்சேர்க்கை: எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிட்டு ஓட்டலாம். பூட்டாவிட்டால் இழுவை முழுவதும் ஷாஃப்ட் கழற்றிய பக்கமே வீணாகும். கணினியே பங்கு பிரிக்கும் ஆல் வீல் டிரைவ் கார்களில் கை வைக்க வேண்டாம்.

புது கிராஸ் வாங்கச் சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டுக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மூடியின் விட்டமும் முனைக்கு முனை நீளமும் வெர்னியர் அளவுகோலில் ஒத்துப்போக வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ளதையே கேளுங்கள். சீல் செய்தது பராமரிப்பே வேண்டாதது என்பார் கடைக்காரர். நம் ஊர் மழைக்கு, தண்ணீரில் இறங்கி வந்த மறுநாள் புது கிரீஸ் அடிக்க வழியிருப்பதே நல்லது.