தினமும் ஒரே நேரத்தில் திணறும் தரவுத்தளம்: கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையின் விலை நிலவரத்தை வெளியிடும் ஓர் இணையதளத்தை நான் பராமரித்து வந்தேன். மல்லிகையின் அன்றைய விலையைப் பார்க்க வியாபாரிகள் கைபேசியைத் திறக்கும் காலை 5:30 மணிக்குப் பக்கங்கள் நின்றுவிடும்; ஆறு மணிக்குள் தானாகவே சரியாகிவிடும். கூட்டம்தான் காரணம் என்று நம்பிப் பெரிய சர்வருக்கு மாறியதில் மாதச் செலவு கூடியதே தவிர, சிக்கல் தீரவில்லை. முகூர்த்தமே இல்லாத ஆடி மாதத்திலும் தளம் அதே நிமிடத்தில் நின்றதைக் கண்ட பிறகுதான் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது.

ஆகவே முதற்படியாக, தளம் நிற்கும் நேரத்தை ஒரு வாரம் நிமிடக் கணக்கில் குறித்து வையுங்கள். பிறகு சர்வரில் ‘டேட்’ கட்டளையைக் கொடுத்து அதன் நேர மண்டலத்தைப் பாருங்கள். பல சர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன; அங்கே நள்ளிரவு 00:00 என்பது நமக்குக் காலை 5:30. ‘நள்ளிரவில் ஓடட்டும்’ என்று யாரோ கிரான் பட்டியலில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) எழுதி வைத்த வேலை, நம்முடைய பரபரப்பான நேரத்தில் வந்து விழுகிறது. ரூட் என்ற தலைமைப் பயனரின் பட்டியலை மட்டுமன்றி, மற்றப் பயனர்களின் பட்டியல்களையும் பாருங்கள்.

அடுத்து, கோளாறைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். தளத்தின் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் ‘ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்’ என்ற கட்டளை அந்த நொடியில் ஓடும் வினவல்கள் (தரவுத்தளத்துக்கு வரும் கேள்விகள்) அனைத்தையும் காட்டும். 5:25 முதல் 5:45 வரை பத்து நொடிக்கு ஒருமுறை அதன் விடையைக் கோப்பில் சேமிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவிடுங்கள். (நான் இரண்டு நாள் அலாரம் வைத்து எழுந்தேன், அது தேவையற்ற தவம்.)

கிடைத்த பதிவைச் சர்வரின் சிபியூ (செயலி) பயன்பாட்டு அளவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சிபியூ உச்சத்தில் இருந்தால், ஏதோ ஒரு வினவல் அட்டவணை முழுவதையும் துழாவுகிறது என்று முதலில் சந்தேகியுங்கள். மெதுவான வினவல்களைக் குறித்து வைக்கும் ஸ்லோ க்வெரி பதிவேட்டை இயக்கி, இயல்பாக 10 நொடியாக இருக்கும் அதன் வரம்பை 1 நொடியாகக் குறைத்து, அகப்படும் வினவலை, அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ மூலம் ஆராய்ந்து, தேடலை விரைவாக்கத் தேவையான இண்டெக்ஸைச் சேருங்கள். சிபியூ சும்மா இருக்க, ‘வெயிட்டிங் ஃபார் டேபிள்’ என்று தொடங்கும் வரிகள் மட்டும் குவிந்திருந்தால், சிக்கல் பூட்டில், அதாவது ஒரு வேலை முடியும்வரை மற்றவற்றை அட்டவணையில் காக்க வைக்கும் தடையில் இருக்கிறது. தொடக்கப் பூட்டுக்காகக் காத்திருந்த நேரத்தை ஸ்லோ க்வெரி பதிவேடு ஓட்ட நேரமாகக் கணக்கிடுவதில்லை என்பதால், அதை மட்டும் நம்பினால் இந்த வகைக் கோளாறு கண்ணில் படாமல் போகலாம்.

எங்களுடையது இரண்டாம் வகை. காப்புப்பிரதி எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப், வேலை முடியும்வரை அட்டவணைகளில் எழுத விடாமல் பூட்டியிருந்தது. பக்கத்தைத் திறந்த ஒவ்வொருவருக்கும் பார்வை எண்ணிக்கையை எழுத வேண்டியிருந்ததால், வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இயல்பான வரம்பான 151 நிரம்பியதும் ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்ற பிழை வந்தது. இந்த வரம்பை உயர்த்தத்தான் முதலில் கை துறுதுறுக்கும். உயர்த்தினால் வரிசை நீளும், நினைவகம் கரையும், பூட்டு திறக்காது.

தீர்வு இரண்டு வரி வேலைதான். டம்ப் கட்டளையில், அட்டவணைகளைப் பூட்டாமல் நகலெடுக்க உதவும் ‘சிங்கிள் டிரான்சாக்‌ஷன்’ விருப்பத்தைச் சேர்த்து, வேலையை யூடிசி 20:30க்கு, அதாவது நம் அதிகாலை 2 மணிக்கு மாற்றினோம். இந்த விருப்பம் இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள அட்டவணைகளுக்கே முறையாகப் பயன்படும். பழைய தளங்களில் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு முறையில் உள்ள அட்டவணைகள் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும் என்பதால், ‘ஷோ டேபிள் ஸ்டேட்டஸ்’ கொடுத்து அவற்றைத் தேடி, முதலில் இன்னோடிபிக்கு மாற்றிவிடுங்கள்.