அதிர்ந்துகொண்டிருந்த சிஎன்சி ரூட்டரைச் சரிசெய்த விதம்

பட்டர்வொர்த்தில் கைமாற்றாக வாங்கிய சிஎன்சி ரூட்டர், அதாவது கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டும் இயந்திரம், பிளைவுட்டைப் பரவாயில்லாமல் வெட்டும். மெராந்தி மரப் பலகையை வைத்தால் மட்டும் கடகடவென்று அதிர்ந்து ஓரமெல்லாம் பிசிறாக வரும். மோட்டாரை மாற்றச் சொன்னார்கள் பலர். நான் நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, வெட்டும் முனையைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கையால் தள்ளிப் பார்த்தேன், முள் நன்றாகவே நகர்ந்தது. அப்படியென்றால் கோளாறு இயந்திரத்தின் உடம்பில்தான்.

ஸ்பிண்டில் நகர்ந்து ஓடும், இரண்டு முனைகளில் மட்டும் தாங்கி நின்ற உருண்டைக் கம்பிகள்தான் காரணம். இப்படிப்பட்ட கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும், இதை எந்த மோட்டாரும் ஈடுகட்டாது.

பிறையில் ஒரு பழைய இரும்புக் கடையில் 80க்கு 80 மில்லிமீட்டர் சதுரக் குழாய் எடைக்குக் கிடைத்தது. அதையே குறுக்குச் சட்டமாக்கி, ரெயில் உட்காரும் முகத்தில் மெதுவாக இறுகும் எபாக்சிப் பிசின் ஊற்றிச் சமன்படுத்தி, முழு நீளமும் போல்ட் போடும் 20 மில்லிமீட்டர் லீனியர் ரெயிலை (நேர்கோட்டில் நகர வழிகாட்டும் தண்டவாளம்) கம்பிகளுக்குப் பதிலாகப் பொருத்தினேன். மூடிய குழாய் முறுக்கத்தைத் தாங்குவதுபோல ‘L’ வடிவ இரும்புச் சட்டமான எல் ஆங்கிள் தாங்கவே தாங்காது. வெல்டிங் சூட்டில் சட்டம் கோணிக்கொள்ளும் என்பதால் எல்லாமே போல்ட்தான்.

இப்போது மெராந்தியில் ஓரம் சுத்தமாக வருகிறது. கையில் இருப்பது கொஞ்சம் ரிங்கிட்தான் என்றால் முதலில் சட்டத்துக்கும் ரெயிலுக்கும் செலவழியுங்கள், ஸ்பிண்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.