பறவை பார்க்கும் போட்டியைக் காமெடியாக எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

2011 அக்டோபரில் வந்த 'தி பிக் இயர்' படத்துக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. ஸ்டீவ் மார்ட்டின், ஜேக் ப்ளாக், ஓவன் வில்சன் என மூன்று காமெடி நடிகர்கள். 'தி டெவில் வேர்ஸ் ப்ராடா' எடுத்த டேவிட் ஃப்ராங்கல் இயக்கம். செலவு சுமார் 4.1 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் 80 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை.

ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31க்குள் வட அமெரிக்காவில் யார் அதிகப் பறவை இனங்களைப் பார்ப்பது என்பதுதான் கதை. 1998இல் மூன்று பேர் நிஜமாகவே இப்படி மல்லுக்கட்டினார்கள். மார்க் ஒப்மாசிக் அதைப் புத்தகமாக எழுதினார், அதிலிருந்து வந்தது படம். மட்டமான படம் என்று சொல்ல மாட்டேன். திட்டவும் மனசு வரவில்லை, சிரிக்கவும் வாய் வரவில்லை. காமெடிக்கு அதுதான் பெரிய சிக்கல்.

முதல் தவறு, எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பார்த்தே கூச்சப்படுவது. இந்தப் படத்தின் விளம்பரம் பறவை என்ற பேச்சை முடிந்தவரை அமுக்கியே வாசித்தது. ட்ரெய்லரைப் பார்த்தால் நடுவயது ஆண்கள் மூவர் எதற்கோ ஊர் ஊராக ஓடுகிறார்கள் என்றுதான் தெரியும். பறவைப் பித்தர்களுக்கும் இது தங்கள் படம் என்று தெரியாது, மற்றவர்களுக்கும் என்ன படம் என்று புரியாது.

அதைவிடப் பெரிய தவறு, கிறுக்குத்தனத்தை இழைத்து வழவழப்பாக்குவது. இந்தப் போட்டியின் விதிகளே பாதி திரைக்கதை. புகைப்பட ஆதாரம் கட்டாயமில்லை. பறவையைக் கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம், குரலைக் கேட்டு அடையாளம் தெரிந்தால் கணக்கில் சேரும். 'பார்த்தேன்' என்று நீங்கள் சொன்னால் நம்புவார்கள், அவ்வளவுதான். சதுப்புநிலத்தில் தனியாக நின்றவன், எவரும் பார்க்காத பறவையைப் பார்த்ததாகச் சொன்னால் எதிரிக்கு ராத்திரி தூக்கம் வருமா? படத்தில் இந்தச் சந்தேகம் லேசாகத் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது. நானாக இருந்தால் முழுப் படத்தையும் அதன்மேலேயே ஓட்டியிருப்பேன்.

இன்னொன்று, அபத்தத்தின் பின்கதையைச் சொல்லாமல் விடுவது. நெவாடா மாநிலத்தின் ரூபி மலையில் இமயமலைப் பனிக்கோழி இருக்கிறது. அது எப்படி அங்கே? வேட்டைக்காரர்கள் சுட்டு விளையாட ஒரு பறவை வேண்டும் என்று 1960கள், 70களில் பாகிஸ்தான் மலைகளிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சுடுவதற்காக இறக்கிய கோழி அங்கேயே குடும்பம் நடத்தி உள்ளூர்ப் பறவையாகிவிட்டது. இப்போது பட்டியலில் ஒரு டிக் போடுவதற்காக ஆட்கள் மூச்சு வாங்க மலையேறுகிறார்கள். படத்தில் ஹெலிகாப்டரே வருகிறது. ஆனால் இந்தக் கூத்து வருவதில்லை. ஹெலிகாப்டர் சுற்றுவதைப் பார்த்து எதற்குச் சிரிப்பது?

1998இல் ஏன் எண்ணிக்கை எகிறியது என்பதும் சுவையான கதை. பசிபிக் கடல் சூடாகி வானிலையையே புரட்டிப்போடும் எல் நினோ வருஷம் அது. அலாஸ்காவின் மேற்குக் கோடியிலுள்ள 'ஆட்டு' (Attu) என்ற தீவுக்கு ஆசியப் பறவைகளைக் காற்று கொத்துக் கொத்தாகத் தள்ளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் சண்டை நடந்த அந்த அத்துவானத் தீவில், பறவை பார்க்க வந்தவர்கள் சேற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டு அலைந்தார்கள். ஜெயித்த சாண்டி கோமிட்டோ, நியூஜெர்சியில் கூரை போடும் கான்ட்ராக்டர். 748 இனங்கள். அந்தச் சாதனை 2013 வரை நின்றது. கற்பனையே தேவையில்லாத பாத்திரம்.

வில்லனை அரைவேக்காடாக விடுவதும் ஆகாது. வில்சனின் பாத்திரம், குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் மனைவியைத் தவிக்கவிட்டுப் பறவைக்குப் பின்னால் ஓடுகிறது. இதை ஒன்று ஈவிரக்கமில்லாத காமெடியாக்க வேண்டும், இல்லை நிஜமாகவே வலிக்க வைக்க வேண்டும். படமோ அவனைக் கொஞ்சம் கெட்டவன், கொஞ்சம் பாவம் என்று நடுவாந்திரத்தில் நிறுத்துகிறது. மார்ட்டினும் ப்ளாக்கும் கூட்டுச் சேர்ந்த பிறகு படம் கொஞ்சம் சூடுபிடிக்கிறது. 'பறவை பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா' என்று முறைத்த அப்பாவோடு ப்ளாக் பனிக்காட்டில் ஆந்தை தேடும் காட்சி ஒன்றுக்காகவே முழுப் படத்தையும் மன்னிக்கலாம். அப்பாவாக வரும் பிரையன் டென்னஹி அதில் அவ்வளவு இயல்பு.

கடைசியாக, பின்னணிக் குரல். பார்ப்பவருக்குப் பறவை தெரியாதே என்ற பயத்தில் ப்ளாக்கைப் பேசவிட்டு எல்லாவற்றையும் விளக்குகிறார்கள். கிரிக்கெட் தெரியாதவரும் கடைசி ஓவரில் நகம் கடிப்பார். யார் முந்துகிறார், யாருக்கு வயிறு எரிகிறது என்பதைக் காட்டினால் போதும், பறவையின் பெயரைப் பிறகு தேடிக்கொள்வார்கள்.