எறும்பு எழுத்து வரைபடங்கள்: பீமர் ஸ்லைடில் நடக்கும் அளவுப் பிழைகள்

லேடெக் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில் ஸ்லைடு தயாரிக்க உதவும் தொகுப்பு பீமர். அதன் ஸ்லைடு எவ்வளவு பெரியது? சுவரை நிறைத்து விழும் பிம்பத்தை வைத்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். 4:3 விகிதத்தில் ஸ்லைடின் அகலம் 128 மி.மீ., உயரம் 96 மி.மீ.; 16:9 என்றால் 160-க்கு 90. கிட்டத்தட்ட ஓர் அஞ்சலட்டைதான். இருபுறமும் தலா 1 செ.மீ. ஓரம் போக, வரைபடத்துக்கு மிஞ்சுவது 108 அல்லது 140 மி.மீ. அகலம்.

இதை மறப்பதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் அளவு எதுவும் சொல்லாமல் பிடிஎஃப் சேமித்தால் 7 அங்குலச் சதுரம் கிடைக்கும், அதாவது 178 மி.மீ. அதை உரையின் அகலத்துக்குப் பொருத்தும்படி லேடெக்கிடம் சொன்னால், படத்தோடு எழுத்தும் சுருங்கும். ஆரின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்டில் 8.8 பாயிண்டாக இருந்த அச்சு எண்கள் 5.3 ஆகிவிடும், பக்கத்திலேயே பீமரின் உரை 11 பாயிண்டில் நிற்கும். போதாக்குறைக்குச் சதுரம் என்பதால் உயரமும் 108 மி.மீ. ஆகி, ஸ்லைடுக்குக் கீழே வழியும். உடனே அகலம், உயரம் இரண்டையும் கட்டளையில் திணித்து அடக்குவார்கள். எழுத்துகள் நசுங்கிப்போகும்.

அடுத்த வைத்தியம், எழுத்துருவை 18, 20 என்று ஏற்றிப் பார்ப்பது. எனக்கு இதுதான் மிகவும் எரிச்சலூட்டும். கோடுகளும் புள்ளிகளும் மெலிந்தபடியே இருக்கும்; அடுத்த வரைபடத்தின் அகலம் மாறினால் வேறோர் எண்ணைத் தேட வேண்டும். சேமிக்கும்போதே அகலம் 108 மி.மீ., உயரம் 65 மி.மீ. என்று கொடுத்துவிட்டு, லேடெக்கில் அளவு மாற்றாமல் சேருங்கள். அப்போது 9 பாயிண்ட் என்றால் 9 பாயிண்ட்தான். அதே படம் பாதி அகலப் பத்திக்கும் வேண்டுமா? கோப்பைச் சுருக்காமல், அந்த அளவில் மீண்டும் வரையுங்கள்.

ஜிஜிபிளாட்டில் ஒரு பொறி உண்டு. படத்துக்குள் எழுதும் உரையின் அளவு மில்லிமீட்டரில் கணக்கிடப்படுகிறது. அங்கே 11 என்று போட்டால் 31 பாயிண்டில் ஒரு பூதம் எழும்.

பிக்சல்களால் ஆன பிஎன்ஜி கோப்பில் தெளிவு வேண்டுமென்று பிக்சல்களை மட்டும் கூட்டினால் எழுத்து இன்னும் சிறுக்கும். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதையும் சேர்த்து உயர்த்த வேண்டும். கோடுகளாலான வரைபடத்துக்குப் பிடிஎஃப் போதும். லட்சக்கணக்கான புள்ளிகள் இருந்தால் மட்டும் பிஎன்ஜி நல்லது. இல்லையேல் ஸ்லைடு திறப்பதற்குள் பேச்சே முடிந்துவிடும்.

பைதான் மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பைப் பயன்படுத்துவோர் விளிம்பின் வெற்றிடத்தை இறுக்கி வெட்டும் வசதியை விரும்புவார்கள். ஆனால் கேட்ட அளவு அங்கேயே மாறிவிடுகிறது. பிடிஎஃப் கோப்பின் பண்புகளைத் திறந்து பக்க அளவைப் பாருங்கள். 108 கேட்ட இடத்தில் 103 இருந்தால், அந்த வசதியை நீக்கிவிட்டு ஓரங்களைப் படத்துக்குள்ளேயே சரிசெய்யுங்கள்.